பத்துப் பக்கம் தள்ளுபடி

எங்கள் காராம்புதூரில் டிசம்பர் முப்பத்தொன்றுக்கு மறுநாள் டிசம்பர் முப்பத்திரண்டு பிறந்தது. பால்காரர் வந்தார், முதல் பஸ் வந்தது, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி மார்கழிப் பாட்டை விட்ட இடத்திலிருந்து பாடியது, புது வருஷத்துக்கென்று வாசலை அடைத்துக் கோலம் போட்டிருந்த பெண்கள் அதில் எழுதியிருந்த வருஷத்தை மட்டும் காலால் தேய்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். கைப்பேசியில் 32 என்று இருந்தது, பஞ்சாயத்து அலுவலகத்துக் கடிகாரத்தில் 32 என்று இருந்தது, ரேஷன் கடை மெஷினும் 32 என்றே சீட்டடித்தது. மூன்று சாட்சி ஒத்துப்போனால் சந்தையில் நாங்கள் நான்காவது சாட்சி கேட்பதில்லை. ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

முதல் வாரம் எல்லோருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அரையாண்டு விடுமுறை முடியாததால் பிள்ளைகள் கிணற்றை விட்டு ஏறவில்லை. முப்பத்தொன்றாம் தேதியோடு ஓய்வு பெற்று, மாலை போட்டு, குரூப் போட்டோவும் எடுத்துக்கொண்ட மின்வாரிய லைன்மேன், ஓய்வு பெறும் மாதம் இன்னும் முடியவில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டதால், அந்த மாலையையும் கழற்ற மனசில்லாமல் அதோடேயே கம்பம் ஏறினார். தினசரிக் காலண்டரில் கிழிக்கத் தாள் தீர்ந்துபோனதைக் கண்ட அச்சகக்காரர் முப்பத்திமூன்று, முப்பத்திநான்கு என்று தனித்தாள் அடித்து, நல்ல நேரமும் ராசிபலனும் போட்டு, பசையோடு வீடு வீடாய்க் கொடுத்தார். மேஷத்துக்குத் தினமும் பொறுமை என்றே போட்டிருந்தது. வாசல் கோலத்தில் வைக்கப் பூசணிப்பூ தீர்ந்தது, பிறகு சுரைப்பூ வைத்தார்கள், அதுவும் தீர்ந்த பிறகு பீர்க்கம்பூ வைத்தார்கள். கோயிலில் ஐந்து மணிக்குப் பொங்கல் வாங்கி வாங்கிச் சலித்தவர்கள் ஐயரிடம் ஒருநாளாவது உப்புமா போடக்கூடாதா என்று கேட்டார்கள்.

ஊர் எல்லையில் இருக்கும் செக்போஸ்டைத் தாண்டினால் ஜனவரி. அங்கிருந்து வந்த கண்டக்டர்கள் எங்களைப் பார்த்து, இன்னுமா என்பார்கள், நாங்கள் ஆமாம் என்போம். ஆனால் எங்கள் ஊர்க்காரர் எங்கே போனாலும் டிசம்பர் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டு போனது, மாட்டுச் சந்தையின் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு போவது போல.

எனக்கு அது சௌகரியமாக இல்லை. என் மகள் பூரணிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய கர்ப்பம், வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள், டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதி ஜனவரி மூன்று. டிசம்பர் முப்பத்தைந்தாம் தேதி கூட்டிப்போனேன், இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றார். நாற்பதாம் தேதி கூட்டிப்போனேன், மூன்று நாள் என்றார். கோயம்புத்தூருக்குக் காரில் கூட்டிப்போனால் அங்கே வெளியில் ஜனவரி நடந்துகொண்டிருந்தது, ஸ்கேன் மெஷினுக்குள் டிசம்பர்தான் இருந்தது. அறுத்தாவது எடுக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, நாளாகாத பிள்ளையை எப்படி எடுப்பது என்று அந்த டாக்டரும் திருப்பிக் கேட்டார். பிள்ளை நன்றாக இருந்தது, உதைத்தது, புரண்டது. பூரணிதான் தேய்ந்தாள். கால் இரண்டும் அரிசி மூட்டை போல வீங்கி, உட்கார்ந்தால் மூச்சு வாங்கி, படுத்தால் இடுப்பு நொந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே என் மகள் தூங்கினாள்.

நான் பாவாயி. மாட்டுச் சந்தையில் தரகு. படித்தது ஐந்தாவது, அதற்கப்புறம் படித்ததெல்லாம் லாரி முதுகிலும் பஸ் போர்டிலும். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்து அழுத்துவதில் பேரம் நடக்கும், சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்குள் நடந்தது இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். பொம்பளை கையைப் பிடிப்பதா என்று ஆரம்பத்தில் கூச்சப்பட்ட ஆம்பளைகள் எல்லாம் இருபத்தாறு வருஷத்தில் என் கையைப் பார்த்தாலே பயப்பட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் அதிகம். அதை நான் மறைத்ததில்லை, மறைக்க நேரம் இருந்ததில்லை.

வருஷம் நின்றுபோனதன் காரணத்துக்கு, அதற்கு முந்தின ஜனவரிக்குப் போகவேண்டும். ஒரு கன்றுக்குட்டியை எங்கள் ஊர் நூலகத்துக் கேட்டில் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். நூலகர் மெகருன்னிசா வெளியே வந்தாள்.

"அக்கா, கன்னுக்குட்டிய இங்க கட்டாதீங்க. போன வாரம் பேப்பர மென்னுருச்சு."

"மென்னா என்ன? இந்த ஊர்ல ஒருத்தரும் படிக்கறதில்ல, அதாச்சும் உள்ள வாங்குது."

உள்ளே உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து வாத்தியார் சிரித்தார். ஓய்வு பெற்றவர், நூலகத்து வாசகர் வட்டத்துக்குத் தலைவர். "பாவாயி, உன்ற கன்னுக்குட்டி மூஞ்சிக்கு மேல நோட்டீஸ் ஒட்டிருக்குது பாரு. அதப் படிச்சிட்டுப் பேசு. இல்ல, வேண்டாம் விடு. அது படிச்சவங்களுக்கு."

படித்தேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு பழம்பெரும் நூல்கள், மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கருப்பொருள். ஜனவரிக்குத் தலைப்பில் பெண் பெயர் இருக்கவேண்டும், பிப்ரவரிக்குப் புத்தகத்தின் வயது நூறைத் தாண்டியிருக்கவேண்டும், மார்ச்சுக்குக் கடல், ஏப்ரலுக்குக் கோர்ட்டு வழக்கு, அப்படியே போய் டிசம்பருக்கு வீடு திரும்புதல். முழுதாய் முடிக்கிறவருக்குச் சான்றிதழும் பரிசும்.

"எனக்கில்லைன்னு இதுல எந்த எடத்துல எழுதியிருக்குதுங் வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டு மெகருவிடம் திரும்பினேன். "பேர எழுதிக்க அம்மிணி. ஆறு புஸ்தகம் படிக்கறேன்."

"பன்னெண்டு தானுங்க்கா."

"ஏழு."

"அக்கா, இது மாடில்லீங்."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. விலை குறையாத பொருள் என்று ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு என் கையை உள்ளே விட்டேன். அவள் கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆனால் மெகருவின் அத்தா காதர் ராவுத்தர் அந்தக் காலத்தில் எங்கள் சந்தையில் பெரிய கை, அவள் அவர் துண்டுக்கடியில் விளையாடி வளர்ந்தவள். புத்தக எண்ணிக்கையில் அவள் ஒரு கணுகூட இறங்கவில்லை. பக்க எண்ணிக்கையில் இறங்கினாள். ஒரு விரல் கொடுத்தாள், நான் ஐந்தையும் பிடித்து அழுத்தினேன், அவள் இரண்டுக்கு வந்தாள், நான் விடவில்லை, வெளியே எங்கள் முகம் இரண்டும் வெயிலைப் பற்றிப் பேசுவது போல இருந்தது, கடைசியில் ஐந்து விரலையும் இரண்டு தடவை அழுத்தி முடித்தோம். புத்தகத்துக்குப் பத்துப் பக்கம் தள்ளுபடி.

எந்தப் பத்து என்று நாங்கள் பேசவில்லை. விரலில் அதற்கு வார்த்தை கிடையாது. வாங்குகிறவள் நான், எங்கே கழிப்பது என்பது என் இஷ்டம். வண்டியில் சுமையைக் குறைக்கச் சொன்னால் கடைசியாக ஏற்றிய மூட்டையைத்தான் இறக்குவோம். நானும் கடைசிப் பத்தைக் கழித்தேன்.

அந்த வருஷம் முழுக்க நான் படித்தேன். சந்தையில் மத்தியானம் பேரம் ஓய்ந்த நேரத்தில் லாரி நிழலில் உட்கார்ந்து, உதடு அசைய, ஒரு வரியை இரண்டு தடவை படித்து, புரியாத இடத்தில் ஆசிரியரைத் திட்டி, புரிந்த இடத்தில் இன்னும் பலமாகத் திட்டிப் படித்தேன். பாவாயக்கா மாட்டுக்குப் பரீட்சையா என்று கேட்டவனை அந்த வருஷம் நல்ல மாட்டின் பக்கமே நான் அண்டவிடவில்லை. அன்றன்று படித்ததை அன்றன்று சாயங்காலம் பூரணிக்குச் சொன்னேன், முதலில் போனில், அவள் என் வீட்டுக்கு வந்த பிறகு நேரில், அவள் வயிற்றைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

கடைசிப் பத்தைக் கழிப்பது எனக்குப் பழகிப்போனது. பழகிய பிறகு பிடித்துப்போனது. கோர்ட்டுக் கதையில் ஒரு குற்றமும் செய்யாதவன் தூக்குமேடைக்கு ஏழு படி கீழே நின்றுகொண்டிருந்தான். பத்துப் பக்கம் மிச்சம் இருந்தது, மூடினேன், அவன் அங்கேயே பத்திரமாக நின்றான். கப்பல் கதையில் புயல் வந்தது, பத்துப் பக்கம் மிச்சம், மூடினேன், ஒரு உயிர்கூடப் போகவில்லை. என் புருஷன் லாரியோடு பள்ளத்தில் போன செய்தியை நான் கேட்டதும் இப்படி ஒரு மத்தியானத்தில்தான். அதில் கழித்துக்கொள்ள எனக்குப் பத்துப் பக்கம் யாரும் கொடுக்கவில்லை. இதில் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் புத்தகம்தான் என்னைப் போட்டு ஆட்டியது. ஏதோ குளிர் தேசத்துக்காரர் எழுதியதை நம் ஆட்கள் தமிழாக்கியிருந்தார்கள். அதில் உப்பு விற்கிற ஒருத்தி, பேர் வாயில் நுழையவில்லை, நான் உப்புக்காரி என்றே வைத்துக்கொண்டேன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போய் முப்பது வருஷம் கழித்துக் காய்ச்சலோடு நடந்தே திரும்புகிறாள். ஊருக்கு இந்தப் பக்கம் ஆறு. ஆற்றில் வெள்ளம். அவள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நிற்கும்போது பத்துப் பக்கம் மிச்சம். நான் மூடினேன். மூடிய புத்தகத்தின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேர் கொடுத்த நாற்பத்தொரு பேரில் பிப்ரவரியிலேயே பாதிப் பேர் உதிர்ந்தார்கள், ஜூலையில் கண்ணில் புரை என்று வாத்தியாரும் நின்றுகொண்டார், முடித்தது நான் ஒருத்திதான். முப்பத்தொன்றாம் தேதி காலையில் விழா வைத்து சான்றிதழும் எவர்சில்வர் டிபன் கேரியரும் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் எனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், ஒரு கையில் புத்தகமும் மறு கையில் மூக்கணாங்கயிறுமாக நான் பஸ்ஸைவிடப் பெரிதாய் நின்றேன். மறுநாள் டிசம்பர் முப்பத்திரண்டு.

நாற்பத்தாறாம் தேதி ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊரில் யாரோ எதையோ முடிக்காமல் விட்டிருக்கிறார்கள், அதனால்தான் வருஷம் முடியமாட்டேன் என்கிறது என்று ஒருவர் சொல்ல, அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அதன்பிறகு எங்கள் ஊரில் நடந்ததை எந்த அரசாங்கத்தாலும் செய்துகாட்ட முடியாது. காண்ட்ராக்டர் எழுந்து, பாதியில் விட்ட பாலத்துக்குத் தானே பொறுப்பு என்று சொல்லிவிட்டு ஐந்து நாளில் கட்டி முடித்தார். தையல்காரர் பழைய தீபாவளி ஜாக்கெட்டுகள் அத்தனையும் தைத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார், பாதிப் பேருக்குப் பத்தவில்லை, அதற்கும் அவர் சண்டை போடாமல் பிரித்துக் கொடுத்தார். பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன் தம்பிகள் பாதியில் விட்ட சண்டையை முதலிலிருந்து போட்டு முடித்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். கணக்கு வாத்தியார் எப்போதும் கடைசி மூன்று பாடத்தை நடத்தாமல் விடுகிறவர், விடுமுறையில் பிள்ளைகளைக் கிணற்றிலிருந்து இழுத்துவந்து நடத்தினார். மறுநாளும் டிசம்பர்தான்.

கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று அல்ல. என்னுடையது முடிக்காதது இல்லையே, பேசிக் கழித்தது. பேசிக் கழித்ததும் முடிக்காமல் விட்டதும் ஒன்று என்று எந்தச் சந்தையிலும் சொல்லமாட்டார்கள்.

ஐம்பத்திமூன்றாம் தேதி மத்தியானம் பூரணியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். விரல் வைத்த இடமெல்லாம் குழியாய் நின்றது.

"அம்மா, அந்தக் கப்பல்ல போனானே, அவன் கரை சேந்தானா?"

"சேந்திருப்பான்."

"சேந்திருப்பான்னா? நீதான படிச்ச?"

"படிச்சேன். வேற கேளு."

"தூக்குமேடைக்காரன்?"

"நின்னுட்டு இருக்கறான்."

"எத்தன நாளைக்கு நிப்பான்?" பூரணி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். அவளுக்கும் என் கோபம்தான். "ஒவ்வொண்ணுலயும் ஆத்துலயும் படியிலயும் ஆளுகள நிறுத்திட்டு, அப்பறம் சொல்றேன் அப்பறம் சொல்றேன்னே ஒரு வருசத்த ஓட்டிட்ட. என்ற வயித்துல இருக்கறதும் கேட்டுட்டுத்தான இருந்துச்சு. பன்னெண்டு கதை, ஒண்ணுகூட முடியல. அது என்ன நம்பிக்கைல வெளிய வரும்?"

நான் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அப்படியே நூலகத்துக்குப் போனேன். மெகரு என்னைப் பார்த்ததும் பேனாவை மூடினாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"முப்பத்திரண்டாந் தேதியே தெரியும்க்கா."

"தெரிஞ்சுட்டு என்ற புள்ள இந்தப் பாடு படறதப் பாத்துட்டு இருந்தியா?"

"தெனமும் உங்க வீட்டுத் தெருவழியாத்தான் போனேன். வாசல் வரைக்கும் வந்து நின்னேன், திரும்பிட்டேன். துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்லைன்னு எங்கத்தா சொல்லிக் குடுத்துட்டாரு. நீங்களா வரணும்."

அதற்குமேல் அவளை என்னால் திட்ட முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தூக்குமேடைக் கதையை வாங்கி, அங்கேயே மூலையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கடைசிப் பத்தைப் படித்துப் பார்த்தேன். கண் எழுத்தின் மேல் போனது, வாய் அசைந்தது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை, மூடும்போது அவன் இன்னும் ஏழு படி கீழேதான் நின்றான். மறுநாள் ஐம்பத்திநான்கு. பேரம் முறியாதவரை அந்தப் பத்துப் பக்கம் எனக்கில்லை.

பேரத்தைத் திருப்ப எங்கள் சந்தையில் ஒரே வழிதான். கை திருப்புவது என்பார்கள். சந்தை கூடும் நாளில், நட்ட நடுவில், துண்டைத் தரையில் விரித்து, பேசியவர் இரண்டு பேரும் உட்கார்ந்து, துண்டுக்குள் ரகசியமாய்ப் பேசியதை அத்தனை பேர் கேட்க வாயால் சொல்லவேண்டும். சொன்னவர் ஒரு வருஷத்துக்கு எவர் துண்டுக்குள்ளும் கை விடக்கூடாது. என் நாளில் இரண்டு பேர் கை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் அதற்குப் பிறகு சந்தைக்கே வரவில்லை, ஒருவர் ஊரையே மாற்றிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் பாவாயி கை பிடித்தால் பிடித்ததுதான் என்ற ஒரு சொல்லைத் தவிர நான் வேறு எதையும் சேர்க்கவில்லை. அதை வைத்துத்தான் வீடு, அதை வைத்துத்தான் பூரணி கல்யாணம். நான்கு நாள் அந்தத் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். மாடுகூட என்னைக் கண்டு ஒதுங்கியது.

ஐம்பத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை, சந்தை. பூரணியைக் காரில் வைத்துக் கூட்டிப்போனேன். சந்தையை ஒட்டித்தான் ஆரம்ப சுகாதார நிலையம், அதன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். மெகரு பன்னிரண்டு புத்தகத்தையும் ஒரு சாக்குப்பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் துண்டை உதறித் தரையில் விரித்தேன். தாம்புக்கயிறு விற்கிறவர் விலை சொல்வதை நிறுத்தினார். அங்கிருந்து ஒவ்வொருவராய் நிறுத்தி, கடைசியில் மாட்டுக் கழுத்து மணி மட்டும் கேட்டது.

"நானும் இந்த அம்மிணியும் போன ஜனவரில கை புடிச்சோம்," என்றேன். பின்னால் நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். "புஸ்தகத்துக்குப் பத்துப் பக்கம் தள்ளுபடி. எல்லாத்துலயும் கடைசிப் பத்த விட்டுட்டேன். பன்னெண்டுல ஒண்ணும் நான் முடிக்கல. வருசம் என்னாலதான் நிக்குது. கையத் திருப்பறேன்."

"திருப்பிக்கிட்டேன்," என்றாள் மெகரு.

பிறகு நாச்சிமுத்து வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எனக்குத் தெரியும், இந்த நிமிஷத்துக்காக அவர் ஒரு வருஷம் காத்திருந்தார்.

"அப்ப அந்த டிபன் கேரியர்?"

பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தாங்க. நீங்களே வெச்சுக்குங்க."

அவர் தூக்கிப் பார்த்தார். "கனக்குது?"

"தயிர்சாதம். படிச்சு முடிக்க நேரமாகும்னு கட்டிட்டு வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் சந்தையே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு என் எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தார். "எனக்குப் புரையும் இல்ல, ஒண்ணும் இல்ல பாவாயி. ஜூலை மாசப் புஸ்தகம் நாப்பதாம் பக்கத்துல தூக்கம் வந்துருச்சு, வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு. படி. நானும் கேக்கறேன்."

காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். பூரணிக்குக் கேட்கவேண்டும் என்று உரக்கப் படித்தேன். ஜனவரிப் புத்தகத்தில் அந்தப் பெண் யாரையும் கட்டிக்கொள்ளாமல் பள்ளிக்கூடம் வைத்தாள், பெண்கள் பக்கம் தலையாட்டியது. நூறு வயதுப் புத்தகத்தில் ஜமீன்தார் செத்தார், ஒருவரும் வருத்தப்படவில்லை. கப்பல்காரன் கரை சேர்ந்தான், அவன் சிநேகிதன் சேரவில்லை, லாரி டிரைவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். தூக்குமேடைக்காரன் ஏழு படியும் ஏறினான். அந்தப் பக்கத்தில் என் குரல் நின்றுவிட்டது, அவனை நான் எட்டு மாதமாய்க் காப்பாற்றி வைத்திருந்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது, குடித்தேன், ஏறியவனை இறக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன். அவன் மேலே நின்று கடைசியாகத் தன் பசுவின் பேரைச் சொன்னான். அதைக் கேட்டதும் எங்கள் சந்தை மொத்தமும் எழுந்து நின்றது, நான் அடுத்த புத்தகத்தை எடுக்கும்வரை உட்காரவில்லை.

அன்று எங்கள் சந்தையில் ஒரு மாடுகூட விற்கவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை. டீக்கடைக்காரர் வாளியில் டீ கொண்டுவந்து சத்தமில்லாமல் ஊற்றினார். லைன்மேன் காய்ந்த மாலையோடு கம்பத்தின் மேலேயே உட்கார்ந்து கேட்டார். ஒன்பதாவது புத்தகத்தில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது பூரணி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அம்மா."

"வலிக்குதா?"

"வலிக்குது. நீ நிறுத்தாத."

நர்ஸ் டெய்சி அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் புத்தகங்களை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன், சந்தை என் பின்னால் வந்தது. பிரசவ அறைக் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து பத்தாவதைப் படித்தேன், பதினொன்றாவதைப் படித்தேன், உள்ளே பூரணி கத்தும்போதெல்லாம் நான் அதைவிடக் கத்திப் படித்தேன். டெய்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"தலை தெரியுதுங்க. ஆனா நிக்குது. இன்னும் எவ்வளவு பாக்கி?"

"ஒரே ஒரு புஸ்தகம்."

"சீக்கிரம் படிங்கம்மா."

உப்புக்காரியை எடுத்தேன். அடையாளம் வைத்த பக்கத்தில் அவள் அப்படியே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். தூக்குமேடைக்காரனுக்கு நடந்தது எனக்குத் தெரியும், கப்பல்காரன் சிநேகிதனுக்கு நடந்தது தெரியும், வெள்ளத்தில் காய்ச்சல்காரிக்கு என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. அவளை ஆற்றில் போகவிட்டுத்தான் என் மகளுக்குப் பிள்ளை வரவேண்டும் என்றால், இதென்ன நியாயம் என்று யாரிடம் போய்க் கேட்பது. பேரம் பேச ஆளில்லை. மெகரு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டு எதுவும் போடாமல், எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் படித்தேன்.

தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தபோது வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினேன். தண்ணீர் மறுபடி மார்புக்கு இறங்கியது, இடுப்புக்கு இறங்கியது, அவள் அக்கரையில் ஏறிப் பாவாடையைப் பிழிந்தாள். பிறகு எட்டுப் பக்கம் அவள் ஊருக்குள் நடந்ததுதான். யார் வீடு இடிந்திருக்கிறது, யார் வீட்டில் புது ஓடு, எந்த நாய் குரைக்கிறது என்று ஒவ்வொன்றாய் எழுதியிருந்தார் அந்த மனுஷன். கடைசிப் பக்கத்தில் அவள் தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள், அது தாழ் போடாமல்தான் இருந்தது, உள்ளே யாரோ விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், காலைத் துடைத்துக்கொண்டு வா என்றார்கள். அவ்வளவுதான். ஒரு மாதமாய் நான் மூடிப் பிடித்துக்கொண்டிருந்த சாவு அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

கடைசி வரியைப் படித்தபோது மணி மூன்றே முக்கால். வருஷம் அந்த நேரத்தில்தான் முடிந்தது. பட்டப்பகலில், சத்தமில்லாமல், கட்டுத்தறியிலிருந்து கயிறு நழுவுவது போல. காற்று மாறியது, வெயில் கொஞ்சம் மஞ்சளாயிற்று, கூட்டத்தில் இருந்த கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகின. லைன்மேன் மாலையைக் கழற்றி மாட்டுக்குப் போட்டார். உள்ளே பிள்ளை அழுதது, நல்ல காட்டமான அழுகை, எங்கள் வீட்டு அழுகை. டெய்சி வெளியே வந்து, பெண் குழந்தை, மூன்றேகால் கிலோ, இரண்டு பேரும் சுகம், ஜனவரி ஒன்று என்று சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்தாள்.

அதற்கப்புறம் எங்கள் ஊரில் நாட்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் குட்டையாய் வந்து, மாசி முடிவதற்குள் வெளியூரை எட்டிப் பிடித்து மந்தையோடு சேர்ந்துகொண்டன. பொங்கலை நாங்கள் ஊர் உலகமெல்லாம் கொண்டாடிய பிறகு கொண்டாடினோம், கரும்பு இனிக்கத்தான் செய்தது. எனக்கு அந்த ஒரு வருஷம் துண்டு இல்லை. சந்தைக்குப் போனேன், மாட்டின் பல்லைப் பார்த்துச் சொன்னேன், சுழி பார்த்துச் சொன்னேன், விலை மட்டும் பேசவில்லை. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள், அது வேறு.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று மூன்றே முக்காலுக்கு, பிள்ளையைத் துடைத்து என் மடியில் கொண்டுவந்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பாலுக்கென்று எடுத்துக்கொண்டு போனார்கள். என் மடி வெறுமையாக இருந்தது, கை வெறுமையாக இருந்தது, செய்யவேண்டியது என்று ஒன்றுகூட மிச்சம் இல்லை. மெகரு புத்தகங்களைத் தூசி தட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியார் தயிர்சாதத்தில் எனக்கு ஒரு அடுக்கு வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தப் படியிலேயே சுவரில் தலையைச் சாய்த்தேன், சாய்த்தவள் தூங்கிப்போனேன். மாடு ஓட்டிப் போகிறவர்கள் மணி குலுங்காமல் கழுத்துமணியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள் என்று பூரணி பிறகு சொன்னாள்.